கிராபிக்ஸ் கார்ட் போட்டதும் திரை கறுப்பாகிவிட்டது. மதர்போர்ட்டை மாற்றத்தான் வேண்டுமா?

தலவாக்கலையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: பாவித்த டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 டவர் ஒன்றை வாங்கி, அதில் பாவித்த ஜிடிஎக்ஸ் 1660 கார்டைப் பொருத்தியிருக்கிறார். விசிறிகள் சுற்றுகின்றன, திரையில் எதுவும் வரவில்லை. கார்டைக் கழற்றினால் பழையபடி ஓடுகிறது. டவுனில் உள்ள கடையில், மதர்போர்ட் போய்விட்டது, மாற்றியே ஆக வேண்டும் என்கிறார்களாம்.

மாற்றாதீர்கள். கார்டைக் கழற்றியதும் விண்டோஸ் வரை ஒழுங்காகப் போகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். போர்ட் போயிருந்தால் அது எப்படி நடக்கும்? போர்ட்டில் கார்டைச் சொருகும் ஸ்லாட் மட்டும் பழுதாவதும் உண்டுதான், ஆனால் அது கடைசியில் சந்தேகிக்க வேண்டியது. ஹட்டனில் கணினி திருத்துவது என் தொழில். தோட்டத்துப் பிள்ளை ஒன்றின் படிப்புக்காகக் காதில் கிடந்ததை அடகு வைத்துக் கணினி வாங்கும் வீடுகளை அன்றாடம் பார்க்கிறேன். அந்தக் காசை இல்லாத பழுதுக்குக் கேட்பது எனக்குப் பொறுக்கவில்லை.

முதலில் மின்சாரக் கணக்கு. உங்கள் கார்டுக்கு 120 வாட் வேண்டும். ஸ்லாட் வழியாக அதிகபட்சம் 75 வாட்தான் கிடைக்கும். மிச்சம் கார்டின் மேல் விளிம்பில் உள்ள 8 பின் சொருகி வழியாக வர வேண்டும். 9020 டவரோடு வரும் 290 வாட் பவர் சப்ளை அலுவலக வேலைக்காகச் செய்யப்பட்டது. கிராபிக்ஸ் கார்டுக்கான வயர் அதில் கிடையாது. அந்த 8 பின்னில் எதைச் சொருகினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. சும்மா விட்டிருந்தால் பதில் அங்கேயே இருக்கிறது: விசிறி சுற்றும், படம் வராது.

ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா வயரிலிருந்து 8 பின்னுக்கு மாற்றும் மலிவான அடாப்டர் ஒன்றை விற்றவர் கொடுத்திருந்தால், இப்போதே கழற்றி வையுங்கள். சாட்டா சொருகியில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர் தாங்கும். மொத்தம் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். அதற்கு மேல் இழுத்தால் சொருகியின் பிளாஸ்டிக் இளகும். மஞ்சள் வயரின் அடி கருகி, சொருகி பின்னோடு ஒட்டிப்போய், இழுத்தால் பாதி உடைந்து கையோடு வருவதைப் பார்த்திருக்கிறேன். பலகை வீடுகளும் அடுத்தடுத்த லயக் காம்பிராக்களும் உள்ள இடத்தில் இதைச் சின்ன விஷயம் என்று விட முடியாது.

வழி இரண்டு. கார்டுக்கான 8 பின் வயர் உள்ள நல்ல பவர் சப்ளை ஒன்றைப் போடலாம். ஆனால் 9020இன் போர்ட்டில் பவர் சப்ளைக்கான வழக்கமான 24 பின் சொருகி இல்லை, 8 பின்தான் (கார்டின் 8 பின் வேறு, இது வேறு). ஆகவே 24இலிருந்து 8க்கு மாற்றும் இணைப்பு வயரையும் சேர்த்து வாங்க வேண்டும். இல்லையென்றால், விற்றவரிடமே கேட்டு, தனி வயர் தேவைப்படாத 75 வாட் கார்ட் ஒன்றை, உதாரணமாக 8 பின்னோ 6 பின்னோ இல்லாத ஜிடிஎக்ஸ் 1050 டிஐயை, மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் நிலையில் நான் இரண்டாவதைத்தான் செய்வேன்.

அடுத்தது திரை வயர். கார்டைப் போட்டதும் இந்தக் கணினி தன் சொந்தப் படத்தை வழக்கமாக நிறுத்திவிடும். வயர் கார்டில்தான் இருக்க வேண்டும். பழைய மொனிட்டராக இருந்தால் விஜிஏ எனும் பழைய அனலாக் சொருகி மட்டும் இருக்கும், 1660இல் விஜிஏ இல்லை. அதன் டிவிஐ துவாரமும் டிஜிட்டல் மட்டுமே என்பதால், வெறும் பின்னை மாற்றும் டிவிஐ–விஜிஏ தலை உதவாது. உள்ளே சிப் உள்ள எச்டிஎம்ஐ–விஜிஏ மாற்றி வேண்டும்.

பிறகு கார்ட் உட்கார்ந்திருக்கும் விதம். ஆளியை அணைத்து, வயரைச் சுவரிலிருந்து பிடுங்கி, கணினியின் பவர் பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்து, வெறும் இரும்பைத் தொட்டுவிட்டுக் கை வையுங்கள். ஸ்லாட்டின் முனையில் உள்ள கொக்கி மூடும்வரை கார்டை நேராக அழுத்துங்கள். அடுத்ததைத்தான் பலர் கவனிப்பதில்லை: பின்பக்கத் தகட்டின் திருகை இறுக்கும்போது கார்டின் மறுமுனையில் கண்ணை வையுங்கள். பெட்டியின் தகடு கொஞ்சம் வளைந்திருந்தாலும், திருகு இறுக இறுக அந்த முனை மெல்ல மேலே எழும். அப்படி எழுந்தால் திருகைத் தளர்த்துங்கள். திருகில்லாமலே ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

நம் பக்கத்து ஈரத்தையும் சொல்ல வேண்டும். தென்மேல் பருவமழைக் காலத்தில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. மூலையில் கிடந்த பாவித்த கார்டின் தங்கப் பல் வரிசையில் மங்கலான படலம் பிடித்திருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால், பல்லின் நீளவாட்டில் துடையுங்கள், குறுக்கே தேய்க்காதீர்கள். நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள்.

கணினியை முதலில் எழுப்பும், போர்ட்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருளான பயோஸைப் பற்றிப் பலர் பயமுறுத்துவார்கள். 1660, 2019இல் வந்த கார்ட். நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்க விடும் செக்யூர் பூட் எனும் பயோஸ் அமைப்பு அதற்குத் தடையாக இருக்க வேண்டியதில்லை. அந்தச் சிக்கல் பெரும்பாலும் 2012க்கு முந்தைய கார்டுகளுக்கு. ஆனால் போர்டின் பயோஸ் மிகப் பழையதாக இருந்தால் புதுப்பிப்பது நல்லது. கார்டைக் கழற்றிவிட்டு, யுபிஎஸ்ஸில் போட்டுச் செய்யுங்கள்; மழை, மின்னல் நேரத்தில் வேண்டவே வேண்டாம். நடுவில் மின்சாரம் போனால், இன்று இல்லாத மதர்போர்ட் பழுது அன்றைக்கு வந்துவிடும்.

முடிந்தால் பவர் சப்ளையின் பக்கத்து லேபிளையும் கார்டின் மேல் விளிம்பையும் படமெடுத்துப் போடுங்கள். 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று அந்த லேபிளிலேயே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, எதை வாங்கலாம் என்று சொல்கிறேன். அதுவரை கடையில் முற்பணம் எதுவும் கொடுக்காதீர்கள்.