முகம் இருக்கட்டும், கைகளைப் பாருங்கள்

கேள்வி: ஓவியர்கள் கண்ணாடியைப் பார்த்துத் தங்களையே வரைந்துகொள்வது தற்பெருமைதானே? அதில் அடையாளம், அது இது என்று பேச என்ன இருக்கிறது?

பதில்: பல சமயம் காரணம் சாதாரணமானது. மாடல் கிடைக்காததால் நல்ல கண்ணாடியாகப் பார்த்து வாங்கினேன் என்று வான்கோ தன் தம்பி தியோவுக்கு எழுதியிருக்கிறார். ஆனால் வரைய உட்கார்ந்துவிட்டால், தன்னை யாராகக் காட்டுவது என்று முடிவு செய்தே ஆக வேண்டும். என்னிடம் வரையக் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் நான் முதலில் கைகளைத்தான் பார்க்கச் சொல்வேன். வரைகிற கை வேலையில் இருக்கிறது. கண்ணாடியிலோ அது இடம் வலமாக மாறித் தெரிகிறது. அந்தக் கையை என்ன செய்வது என்பதில்தான் ஆளின் மனசு தெரியும்.

1500இல், 28 வயதில் ஜெர்மன் ஓவியர் டியூரர் தன்னை வரைந்ததைப் பாருங்கள். கையில் தூரிகை இல்லை; விரல்கள் மேலங்கியின் ரோமக் கழுத்துப்பட்டையைப் பிடித்திருக்கின்றன. முகமும் கிறிஸ்துவை வரைவதுபோல நேருக்கு நேர். ஓவியனைக் கைவினைஞர்களோடு சேர்த்து எண்ணிய ஊரில் இருந்துகொண்டு, 'நான் வேறு' என்கிறார். சரி, இதில் பெருமை உண்டுதான்.

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் அப்படியில்லை. 1656இல் திவாலாகி, வீடும் சேகரித்த கலைப்பொருட்களும் கைவிட்டுப் போனபின் வரைந்த படம் ஒன்று லண்டனின் கென்வுட் மாளிகையில் இருக்கிறது. முகத்தில் ஒவ்வொரு தொங்கலையும் பொறுமையாகத் தீட்டியவர், வண்ணத்தட்டைப் பிடித்த கையைச் சில அவசரக் கோடுகளோடு விட்டுவிட்டார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. முதலில் கண்ணாடியில் தெரிந்தபடியே இடக்கையால் வரைவதாகத் தீட்டியிருக்கிறார். அப்புறம் தட்டையும் தூரிகைகளையும் அந்தக் கைக்கே மாற்றி, மற்றவர்கள் பார்க்கிற வலக்கைக்காரராகத் தன்னைத் திருத்தியிருக்கிறார். கடன்காரர்கள் எடுத்துக்கொள்ள முடியாத ஒன்று அந்தத் தொழில். அதைத்தான் அவர் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

பெண் ஓவியர்களுக்குப் பாடு இன்னும் அதிகம். ஓவியக்கலையைப் பெண்ணாக உருவகித்து, கலைந்த கூந்தல், முகமூடி தொங்கும் தங்கச் சங்கிலி என்று அந்தக் காலத்து நூல்கள் அடையாளம் சொல்லின. 1638 வாக்கில் இத்தாலிய ஓவியர் ஆர்ட்டெமிசியா ஜென்டிலெஸ்கி அதை அப்படியே தனக்குப் போட்டுக்கொண்டார். தூரிகைக் கையை உயரத் தூக்கி, நம்மைப் பார்க்கக்கூட நேரமில்லாமல் வேலை செய்கிறார். 'ஓவியக்கலையே நான்தான்' என்று எந்த ஆண் ஓவியரும் தன் முகத்தைக் காட்டி அப்படிச் சொல்லியிருக்க முடியாது. இது தற்பெருமை என்றால், அந்தத் தற்பெருமை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.