முதல் புல் ரிக்வெஸ்ட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கிட் என்பது நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி. வேறொருவரின் திட்டத்தில் நீங்கள் செய்த மாற்றத்தை ஏற்கும்படி கேட்பதுதான் புல் ரிக்வெஸ்ட்.

ஃபோர்க் (திட்டத்தின் என் சொந்த நகல்) எடுத்து, மெயின் பிராஞ்சிலேயே (முதன்மைக் கிளையிலேயே) திருத்தி கமிட்டும் (மாற்றத்தின் பதிவு) போட்டுவிட்டேன். தவறா?

சரிசெய்துவிடலாம். ஆனால் அப்படியே அனுப்பினால், அடுத்து மெயினில் போடும் எந்த கமிட்டும் அதே புல் ரிக்வெஸ்டில் போய் ஒட்டிக்கொள்ளும். இருக்கும் இடத்திலிருந்தே ஒரு புது பிராஞ்ச் எடுங்கள், உங்கள் கமிட்டுகள் கூடவே வரும். அப்புறம் அப்ஸ்ட்ரீமை, அதாவது நீங்கள் நகலெடுத்த மூலத் திட்டத்தை, ஃபெட்ச் செய்து (அதன் புதிய நிலையை இறக்கிக்கொண்டு), மெயினுக்குத் திரும்பி, அதை அப்ஸ்ட்ரீம் மெயினின் நிலைக்கு ஹார்ட் ரீசெட் செய்யுங்கள் (மெயினில் இருப்பதை விட்டுவிட்டு அந்த நிலைக்கே கொண்டுபோவது).

ரீபேஸ் (என் கமிட்டுகளை அப்ஸ்ட்ரீமின் புதிய நிலைக்கு மேல் மீண்டும் வைப்பது) செய்யும்போது கான்ஃப்ளிக்ட் (ஒரே இடத்தை இரு தரப்பும் மாற்றிய மோதல்) வந்தது. எது என் வரி, எது அவர்கள் வரி என்றே புரியவில்லை.

பலரும் தடுமாறும் இடம் இது. கான்ஃப்ளிக்ட் வந்த இடத்தில் இரண்டு வடிவங்களையும் கிட் கோப்பிலேயே எழுதி, நடுவே சமக்குறிகளால் பிரித்துக் காட்டும். மெர்ஜ் (இரண்டு பிராஞ்சுகளை இணைப்பது) செய்யும்போது சமக்குறிகளுக்கு மேலே இருப்பது நீங்கள் நிற்கும் பிராஞ்ச், அதாவது உங்கள் வரி. ரீபேஸில் இது தலைகீழாகிவிடும். கிட் முதலில் அப்ஸ்ட்ரீமின் நிலைக்குப் போய் நின்றுகொண்டு, உங்கள் கமிட்டுகளை ஒவ்வொன்றாக அதன்மேல் வைக்கிறது. அதனால் மேலே இருப்பது அவர்களுடையது, கீழே இருப்பது உங்களுடையது. ‘அவர்ஸ்’ (நம்முடையது), ‘தேர்ஸ்’ (அவர்களுடையது) என்ற விருப்பங்களும் இதேபோல இடம் மாறும்.

பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதாது. அந்த வரியை அவர்கள் ஏன் மாற்றினார்கள் என்று கிட் லாகில் (கமிட் வரலாற்றில்) பார்த்துவிட்டு, இரண்டு நோக்கமும் நிறைவேறும்படி எழுதுங்கள். குறிகளை நீக்கி, கோப்பை ஆட் செய்து (அடுத்த கமிட்டுக்குச் சேர்த்து), ரீபேஸைத் தொடருங்கள். டெஸ்டுகளை ஓட்டாமல் அனுப்பாதீர்கள். கான்ஃப்ளிக்ட் தீர்ந்ததால் மட்டும் நிரல் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. குழப்பமாக இருந்தால் ‘அபார்ட்’ கொடுங்கள், தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடலாம்.

ரிவ்யூவில் திருத்தம் கேட்டார்கள். புது புல் ரிக்வெஸ்ட் திறக்கவா?

வேண்டாம். அதே பிராஞ்சில் திருத்திப் புஷ் செய்தால் (உங்கள் ஃபோர்க்குக்கு அனுப்பினால்) போதும். பழைய கமிட்டையே மாற்றியிருந்தால் ஃபோர்ஸ் புஷ் (அங்குள்ள பழையதை மேலெழுதி அனுப்புவது) தேவைப்படும். அப்போது வெறும் ‘ஃபோர்ஸ்’ வேண்டாம், ‘ஃபோர்ஸ் வித் லீஸ்’ பயன்படுத்துங்கள். நீங்கள் கடைசியாகப் பார்த்த பிறகு வேறு யாராவது அந்த பிராஞ்சில் புஷ் செய்திருந்தால், அது மறுத்துவிடும்.

ஒரு பிழையைத் திருத்தும்போது கோப்பு முழுவதையும் ஃபார்மேட் செய்தேன். பிரித்து அனுப்பச் சொல்கிறார்கள். நல்ல வேலைதானே செய்தேன்?

நல்ல வேலைதான், ஆனால் பராமரிப்பாளரின் பக்கம் உட்கார்ந்து பாருங்கள். உண்மையான மாற்றம் 3 வரி. அதை 400 வரி இடைவெளி மாற்றங்களுக்கு நடுவே அவர் தேட வேண்டும். நாளை அந்தத் திருத்தமே சிக்கலாகி ரிவர்ட் செய்ய (அந்த கமிட்டைத் திரும்பப் பெற) நேர்ந்தால் ஃபார்மேட்டும் சேர்ந்து போகும். ‘ஆட்’ கட்டளையை ‘பேட்ச்’ விருப்பத்தோடு கொடுத்தால், ஒவ்வொரு துண்டையும் அடுத்த கமிட்டில் சேர்க்கவா என்று கேட்டுக் கேட்டுச் சேர்க்கும். பிழைத்திருத்தத்தை மட்டும் முதலில் அனுப்புங்கள். ஃபார்மேட் வேண்டுமா என்று தனியாகக் கேளுங்கள்.

‘சைன்டு ஆஃப் பை’ வரி இல்லை என்று சோதனை தோல்வியடைகிறது. அது என்ன?

இந்த நிரலைத் தர எனக்கு உரிமை இருக்கிறது என்ற உங்கள் உறுதிமொழி. லினக்ஸ் கெர்னல் திட்டத்தில் 2004-இல் தொடங்கிய வழக்கம் இது. கடைசி கமிட்டில் மட்டும் விடுபட்டிருந்தால் ‘அமெண்ட்’ (கடைசி கமிட்டைத் திருத்துவது) உடன் ‘சைன்ஆஃப்’ கொடுங்கள். பல கமிட்டுகள் என்றால் ரீபேஸுக்கும் அதே விருப்பம் உண்டு.

ஹார்ட் ரீசெட்டில் இரண்டு கமிட்டுகள் போய்விட்டன!

கமிட் செய்திருந்தால் பயப்படாதீர்கள். ‘கிட் ரிஃப்லாக்’ (நீங்கள் இதுவரை நின்ற கமிட்டுகளின் பதிவேடு) பாருங்கள், பழைய கமிட்டின் எண் அங்கே இருக்கும். அந்த எண்ணிலிருந்து ஒரு பிராஞ்ச் எடுத்தால் இரண்டும் திரும்ப வந்துவிடும். இயல்பான அமைப்பில் இப்படிக் கைவிடப்பட்ட பதிவுகள் 30 நாள் வரை இருக்கும், அதனால் இன்றே எடுத்துவிடுங்கள். கமிட் செய்யாத திருத்தங்களுக்கு இந்த வழி உதவாது.