ஷீட்டில் ஏற்றினால் போர்டில் வரவேண்டும்: வாசகர் கேள்விகள்

கூகுள் ஷீட்டிலோ எக்செல்லிலோ ஏற்றும் கணக்கு, தானாகவே டிரெல்லோ, ஆசானா, ஜிரா போன்ற வேலைப் பலகையில் போய்ச் சேரவேண்டும். அதற்கு எதை வாங்குவது, வாங்கியது ஏன் நின்றுபோனது என்று தொடர்ந்து கடிதங்கள் வருகின்றன. சிலவற்றைச் சுருக்கி இங்கே தருகிறேன்.

கேள்வி: சார், பனியன் ஜாப்-ஒர்க் யூனிட் வைத்திருக்கிறேன். தினம் ஐம்பது, அறுபது வரி ஆர்டர் கூகுள் ஷீட்டில் ஏறும். ஒவ்வொரு வரியும் டிரெல்லோவில் கார்டாக (ஒரு வேலைக்கு ஒரு சீட்டு) வர, இரண்டையும் இணைக்கும் ஜாப்பியர் என்ற சேவையின் இலவசத் திட்டத்தைப் போட்டேன். இரண்டாம் நாளே நின்றுவிட்டது. இது ஏமாற்று வேலைதானே? (திருப்பூர்)

பதில்: ஏமாற்று இல்லை. இலவசத் திட்டத்தில் மாதத்துக்கு 100 டாஸ்க்தான். ஒரு கார்டு உருவானால் ஒரு டாஸ்க் போயிற்று. உங்கள் ஓட்டத்துக்கு 100 என்பது இரண்டு நாள் வேலை.

ஆனால் உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. இந்தச் சந்தையில் எனக்கும் தீராத கோபம் இதில்தான். ஒரே வேலையை ஆளுக்கொரு விதமாக எண்ணுகிறார்கள். ஜாப்பியர், ஷீட்டைப் போய்ப் பார்ப்பதற்குக் கணக்கு வைப்பதில்லை; செய்து முடித்த செயலுக்குத்தான் வைக்கும். கார்டு போடுவது, செக்லிஸ்ட் சேர்ப்பது, கட்டிங் மாஸ்டருக்குத் தகவல் அனுப்புவது என்று மூன்று செயல் வைத்தால், அறுபது வரிக்கு நாளைக்கு 180. மாதம் 26 வேலை நாளுக்கு 4,680. மேக் என்ற சேவை (முன்பு இன்டெக்ரோமேட்) வேறு மாதிரி: ஷீட்டைப் போய்ப் பார்ப்பதும் ஒரு கணக்கு, புதிதாக எதுவும் இல்லாமல் வெறுங்கையோடு திரும்பினாலும் ஒரு கணக்கு. 15 நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொன்னால் நாளைக்கு 96, மாதத்துக்கு 2,880. அதன் இலவச அளவே 1,000. ஒரு கார்டுகூட உருவாகாமல் எட்டிப் பார்த்ததிலேயே தீர்ந்துபோகும்! இதையெல்லாம் விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டால் என்ன?

நானும் பட்டவன். சில வருடங்களுக்கு முன் ஓர் இணைப்புச் சேவைக்கு ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டினேன். வரிக்கு ஒன்று என்று நினைத்திருந்தேன். அவர்கள் எண்ணியதோ கட்டத்துக்குக் கட்டம் நடந்த ஒவ்வொரு மாற்றத்தையும். ஒரு மாதத்து அளவு ஒன்பது நாளில் காலி. பணமும் திரும்பவில்லை. அதனால்தான் சொல்கிறேன்: முதலில் ஒரு மாதச் சந்தா மட்டும் எடுங்கள், ஒரு வாரம் ஓட்டி எண்ணிப் பாருங்கள், அப்புறம் வருடத்தை யோசிக்கலாம்.

இன்னொன்று. உங்கள் பையன் ஆர்டர் எண்ணை அடித்து அடுத்த கட்டத்துக்குப் போவதற்குள் சேவை அந்த வரியை எடுத்துவிடும். கார்டில் ஆர்டர் எண் இருக்கும், டெலிவரி தேதி இருக்காது. ஷீட்டின் கடைசியில் ‘தயார்’ என்று டிக் போடும் கட்டம் ஒன்றை வையுங்கள்; டிக் விழுந்த வரி மட்டும் போகட்டும். அறுபது வரிதான் என்றால் கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்டே (ஷீட்டுக்குள்ளேயே நிரல் எழுதி ஓடவிடும் வசதி) போதும், அதற்குச் சந்தா கிடையாது. சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒரு ஓட்டத்துக்கு 6 நிமிடம், தானாக ஓடும் ஓட்டங்களுக்கு மொத்தம் நாளைக்கு 90 நிமிடம் தருகிறார்கள். மணிக்கு ஒருமுறை ஓடினால் உங்களுக்குத் தாராளம்.

கேள்வி: ஓர் இணைப்புச் சேவைக்கு 4,999 ரூபாயில் ஆயுள்காலச் சந்தா, இன்று இரவு வரைதான் என்கிறார்கள். வாங்கலாமா? (புதுச்சேரி)

பதில்: வேண்டாம். கம்பெனி மூடினால் ஆயுள் சந்தாவும் அன்றே முடிந்துவிடும்.

கேள்வி: கேட்டரிங் செய்கிறேன். ஏப்ரல் 5 வளைகாப்புச் சாப்பாட்டை ஷீட்டில் 05/04 என்று போட்டேன். ஆசானாவில் மே 4-இல் போய் நின்றது. நல்லவேளை, பெண்வீட்டார் போன் செய்தார்கள். மென்பொருள்காரர்கள் மேல் புகார் கொடுக்கலாமா? (மதுரை)

பதில்: கொடுக்க முடியாதம்மா. ஷீட்டின் செட்டிங்ஸில் லொகேல் (எந்த நாட்டு வழக்கம் என்பது) ‘யுனைடெட் ஸ்டேட்ஸ்’ என்று இருந்திருக்கும். அமெரிக்கக் கணக்கில் மாதம்தான் முதலில். அதை ‘இந்தியா’ என்று மாற்றுங்கள். ஏற்கெனவே தப்பாகப் பதிந்த தேதிகள் அதனால் சரியாகாது, கையால்தான் திருத்தவேண்டும். எது தப்பு என்று கண்டுபிடிக்க ஒரு வழி: 13/04 என்று அடித்திருந்தால் பதின்மூன்றாம் மாதம் கிடையாது என்பதால் அது வெறும் எழுத்தாக, கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டி நிற்கும். தேதியாகப் பதிந்தது வலது ஓரத்தில் நிற்கும். ஒரே நெடுவரிசையில் சிலது இடம், சிலது வலம் என்று கண்டால் அந்த ஷீட் முழுவதையும் சரிபாருங்கள். இனிமேல் 2025-04-05 என்று வருடத்தை முதலில் போட்டுப் பழகினால் குழப்பமே வராது.

கேள்வி: விளம்பரம் பார்த்து ஒரு வேலைப் பலகைக்கு 25 பேருக்கு வருடச் சந்தா எடுத்தேன். ஆறு மாதம் ஆகிறது. ஆட்கள் இன்னும் வாட்ஸ்அப்பில்தான் வேலை சொல்கிறார்கள். பணம் திரும்ப வருமா? (கோவை)

பதில்: வராது. சோதனைக்காலம் இருந்திருக்கும், அதைத் தொட்டுப் பார்த்தீர்களா? ஷாப் ஃப்ளோரில் நிற்பவர்களில் ஒருவரையாவது கூப்பிட்டு, ‘இதில் வேலையைப் பதிவு செய்வாயா’ என்று கேட்டீர்களா? மூன்று பேருக்கு எடுத்துப் பார்த்துவிட்டு 25 பேருக்குப் போயிருக்கலாம். இப்போது செய்யவேண்டியது, தானாகப் புதுப்பிக்கும் அனுமதியை இன்றே வங்கி ஆப்பில் ரத்து செய்வது. இந்திய வங்கி கார்டில் அனுமதி கொடுத்திருந்தால், பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு தகவல் வரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தத் தகவலையாவது படியுங்கள்.

கேள்வி: தினமும் பெரிய எக்செல் ஃபைலை வேறு மென்பொருளுக்கு மாற்றுகிறோம். கடைசி வரிகள் காணாமல் போகின்றன. எரர் எதுவும் வருவதில்லை. (சென்னை)

பதில்: ஃபைல் பெயரின் முடிவைப் பாருங்கள். பழைய எக்ஸ்எல்எஸ் என்றால் 65,536 வரிதான் கொள்ளும். புதிய எக்ஸ்எல்எஸ்எக்ஸ் 10,48,576 வரை தாங்கும். 2020-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறையில் இந்தப் பழைய வடிவத்தால்தான் 15,841 கொரோனா தொற்றாளர்கள் கணக்கில் வராமல் போனார்கள். அவர்களோடு பழகியவர்களைத் தேடுவதும் அந்த அளவுக்குத் தாமதமானது. அனுப்பிய வரி எத்தனை, சேர்ந்த வரி எத்தனை என்று தினமும் ஒப்பிடும் ஒரு கட்டத்தை வையுங்கள்.

கேள்வி: அண்ணா, வீட்டிலிருந்து தனி ஆளாக அழைப்பிதழ் டிசைன் செய்கிறேன். ஷீட்டையும் டிரெல்லோவையும் இணைத்துத் தர ஒருவருக்கு 18,000 ரூபாய் கொடுத்தேன். நான்கு மாதம் ஓடியது. இப்போது நின்றுவிட்டது. சரிசெய்ய இன்னும் 6,000 கேட்கிறார். (நாகர்கோவில்)

பதில்: கொடுக்காதே தங்கச்சி. 18,000 வாங்கியவர் எல்லாவற்றையும் தன் கணக்கில் கட்டி வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். உன்மேல் தப்பே இல்லை. ‘என் கணக்கில் கட்டித் தாருங்கள்’ என்று கேட்கவேண்டும் என யாரும் உனக்குச் சொல்லித்தரவில்லை, அவர்தான் சொல்லியிருக்கவேண்டும்.

ஷீட்டைத் திறந்து எக்ஸ்டென்ஷன்ஸ் மெனுவில் ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டை அழுத்து. அங்கே நிரல் தெரிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. ஷீட்டை உன் கணக்கில் ஒரு நகல் எடு, நிரலும் கூடவே வந்துவிடும். ஆனால் நேரத்துக்கு ஓடவைக்கும் ட்ரிக்கர் நகலில் வராது, அதை உன் பெயரில் புதிதாகப் போடவேண்டும். அவர் வைத்த ட்ரிக்கர் அவர் கணக்கின் பெயரில்தான் ஓடும், அவர் விலகினால் நின்றுவிடும்; உனக்கும் அப்படித்தான் நின்றிருக்கும். டிரெல்லோ டோக்கனையும் (நிரல் டிரெல்லோவுக்குள் நுழைய உதவும் சாவி) உன் கணக்கிலிருந்து புதிதாக எடுத்து, பழையதை ரத்து செய். நிரல் இல்லாமல் வெறும் பக்கம் வந்தால், எல்லாம் அவரிடம்தான் இருக்கிறது. வேறு ஆளை வைத்துப் புதிதாகக் கட்டுவதைத் தவிர வழியில்லை. இந்த முறை உன் ஜிமெயிலில், உன் கண்முன்னால் கட்டச் சொல்.

பணத்துக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய். வாட்ஸ்அப் பேச்சு, பணம் அனுப்பிய ரசீது எதையும் அழிக்காதே. இது வியாபாரத்துக்கு வாங்கியது என்று சொல்லி அவர் தட்டிக்கழிக்கப் பார்க்கலாம். தனி ஆளாகப் பிழைப்புக்காகச் செய்கிறேன் என்பதைப் புகாரின் முதல் வரியிலேயே எழுது. எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு, படித்துப் பார்த்துத் தருகிறேன்.