பள்ளியில் படித்துக்கொண்டே எழுத்தாளராக விரும்புகிறவர் என்ன இலக்குகளை வைத்துக்கொள்ளலாம்?

பத்தாம் வகுப்புப் படிப்பதாகவும், கதை எழுத வேண்டும் என்ற ஆசை தீவிரமாக இருப்பதாகவும், ஒவ்வொரு புத்தாண்டிலும் எடுக்கும் தீர்மானம் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிப்பதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். பதினெட்டு வயதுக்குள் சொந்தமாக ஒரு புத்தகம் கொண்டுவருவதை இலக்காக வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் சென்னையில் ஓட்டேரியில் வசிக்கும் பிளஸ் டூ மாணவி. எழுத்தாளராக வேண்டும் என்பதுதான் என் ஆசையும் என்பதால், நானே கடைப்பிடித்துவரும் முறையை இங்கே சொல்கிறேன். புத்தகம் கொண்டுவருவதை இப்போதைக்கு இலக்காக வைக்காதீர்கள். ஒரு கதையை எழுதி முடித்து, திருத்தி, இன்னொருவர் கையில் கொடுப்பதை இலக்காக வையுங்கள். அதற்கான காலத்தைப் பள்ளி ஆண்டைப் பார்த்துக் குறியுங்கள்.

மாணவர்களுக்கு ஜனவரி முதல் தேதி ஆண்டின் தொடக்கமே ஆகாது. பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு திருப்புதல் தேர்வுகள், அடுத்துச் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு என்று ஆண்டின் மிக நெருக்கடியான பகுதி அப்போதுதான் வருகிறது. அந்த நேரத்தில் தினமும் இரண்டு பக்கம் எழுதுவேன் என்று முடிவெடுத்துவிட்டு, அது நிலைக்காதபோது உங்கள் மனவுறுதியைக் குறைசொல்லிக்கொள்வதில் நியாயமில்லை. என் கணக்கு ஜூனில் பள்ளி திறக்கும்போது தொடங்குகிறது. ஜூனிலிருந்து காலாண்டுத் தேர்வு வரை ஒரு கதையின் முதல் வரைவை எழுதுகிறேன். காலாண்டு விடுமுறையில் அதைத் தொடக்கத்திலிருந்து படித்து அடிக்கோடிடுகிறேன். அக்டோபர், நவம்பர் மாதங்கள் இரண்டாம் வரைவுக்கு. அரையாண்டு விடுமுறையில் கதையை ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறேன். பொங்கலிலிருந்து பொதுத்தேர்வு முடியும்வரை கதையைத் தொடுவதில்லை. அன்றைக்குக் கண்ணில் பட்டதையோ காதில் விழுந்ததையோ சிறு நோட்டில் நாலு வரி குறித்துவைப்பதோடு சரி. ஆண்டுக்கு ஒரே ஒரு சிறுகதை என்பது குறைவாகத் தோன்றலாம். ஆனால் பாதியில் நிற்கும் பல கதைகள் கற்றுத்தராத ஒன்றை, முடித்துத் திருத்திய ஒரு கதை கற்றுத்தரும் என்று உறுதியாக நம்புகிறேன். முடிவை எழுதிய பிறகுதான் தொடக்கம் சரியாக இருக்கிறதா என்பதே தெரியவருகிறது.

சொல் எண்ணிக்கையை இலக்காக வைப்பவர்களும் உண்டு. ஒரே மாதத்தில் 50,000 சொற்கள் கொண்ட நாவல் வரைவை எழுதி முடிக்கும் முயற்சி 1999இல் அமெரிக்காவில் தொடங்கி, 2000 முதல் நவம்பர் மாதத்தின் 30 நாட்களில் நடத்தப்பட்டது. நானோரைமோ என்று அழைக்கப்பட்ட அதை நடத்திவந்த அமைப்பு 2025இல் மூடப்பட்டது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,667 சொற்கள் என்பது, அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய மாதத்தில் நம்மால் தாங்கக்கூடிய சுமை இல்லை. அந்த அமைப்பே இளையோருக்கான பிரிவில் எண்ணிக்கையை அவரவர் முடிவுக்கு விட்டிருந்தது. என்னைக் கேட்டால், எண்ணிக்கை முதல் வரைவுக்கு மட்டும்தான் கொஞ்சம் உதவும். திருத்தும்போது நல்ல நாள் என்பது பல சமயங்களில் சொற்கள் குறைந்த நாளாக இருக்கும். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அந்த நாள் வீணானதாகத் தோன்றிவிடும்.

திருத்தம் என்றால் எழுத்துப்பிழை பார்ப்பது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நான் அதற்கென்று தனியாக ஓர் இலக்கு வைத்திருக்கிறேன். முதல் வரைவில் பொதுப்படையாக நிற்கும் வாக்கியங்களை அடிக்கோடிட வேண்டும். அப்படிப்பட்ட ஒவ்வொரு வாக்கியத்துக்கும், அந்த இடத்தில் அப்போது இருந்த ஒருவரிடம் போய் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். இது எப்படி வேலை செய்கிறது என்பதை என் கதை ஒன்றைக் கொண்டே சொல்கிறேன்.

2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டதும், ஜூலை மாதத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவரப்பட்டதும் உங்களுக்கும் நினைவிருக்கலாம். அப்போது நான் சிறுமி. அந்தக் கோடையைப் பற்றிய கதையின் முதல் வரைவில், "தெருவில் மக்கள் குடங்களுடன் இரவெல்லாம் காத்திருந்தனர்" என்று ஒரு வாக்கியம் இருந்தது. எந்தச் செய்தித்தாளிலும் வரக்கூடிய வாக்கியம். அதை அடிக்கோடிட்டுவிட்டு என் ஆயாவிடம், அதாவது பாட்டியிடம், கேட்டேன். இரவெல்லாம் யாரும் நிற்கவில்லை, குடங்கள்தான் நின்றன என்பதுதான் ஆயா சொன்ன முதல் விஷயம். மெட்ரோ வாட்டர் லாரி எப்போது வரும் என்று தெரியாததால், சாயங்காலமே குடங்களை வரிசையில் வைத்துவிட்டு எல்லோரும் உள்ளே போய்விடுவார்களாம். பெரும்பாலும் ஒரே மாதிரியான பிளாஸ்டிக் குடங்கள் என்பதால், அடையாளத்துக்குக் கழுத்துப் பக்கம் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்திருப்பார்கள்; ஒரு வீட்டார் பழைய புடவைக் கரையைக் கிழித்துக் கட்டியிருந்தார்களாம். எங்கள் வீட்டில் அடியில் விரிசல் விட்ட குடம் ஒன்று இருந்தது. அதில் ஒரு சொம்புத் தண்ணீர்கூட நிற்காது. ஆனாலும் அதைத்தான் ஆயா வரிசையில் வைப்பார். லாரி சத்தம் கேட்டதும் விரிசல் குடத்தை எடுத்துவிட்டு, வீட்டுக்குள் பத்திரமாக இருக்கும் நல்ல குடத்தை அதே இடத்தில் வைப்பார். ஏன் ஆயா என்று கேட்டதற்கு, "ஓட்டக் கொடத்த எவன் தூக்கினு போவப் போறான்?" என்றார்.

அந்தக் குடம் கிடைத்த பிறகு கதையே வேறாகிவிட்டது. முதல் வரைவில் தண்ணீர் லாரி அருகே நடக்கும் ஒரு சண்டைதான் மையமாக இருந்தது. இரண்டாம் வரைவில், தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு பெண், விரிசல் குடத்தை யாரோ வீசிவிட்டுப் போனது என்று நினைத்து ஓரமாக நகர்த்திவைக்கிறாள். கதை அங்கிருந்து புறப்படுகிறது. உட்கார்ந்த இடத்திலேயே யோசித்து இதை நான் கண்டுபிடித்திருக்க முடியாது. நம் வயதில் உலக அனுபவம் குறைவு என்று பெரியவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் நிறைய அனுபவப்பட்டவர்கள் நம் வீட்டிலேயே, நம் தெருவிலேயே இருக்கிறார்கள்; பேரப் பிள்ளைகள் உட்கார்ந்து கேட்டால் அவர்கள் நேரம் போவது தெரியாமல் பேசுவார்கள். ஆகவே, ஒவ்வொரு கதைக்கும் குறைந்தது ஒருவரிடமாவது உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டும் என்பதை உங்கள் இலக்குகளில் முதலாவதாக எழுதிக்கொள்ளுங்கள் என்று அழுத்திச் சொல்வேன்.

வாசிப்பில் நான் எண்ணிக்கை வைத்துக்கொள்வதில்லை. ஒரே எழுத்தாளரின் சிறுகதைகளை, அவை எழுதப்பட்ட கால வரிசையில் படிக்கிறேன். ஒருவர் எதை எப்போது கற்றுக்கொண்டார் என்பது அப்படிப் படித்தால்தான் தெரிகிறது. பிடித்த கதையிலிருந்து ஒரு பத்தியைக் கையால் எழுதிப் பார்ப்பதும் உண்டு. வேகமாகப் படிக்கும்போது கண்ணில் படாத நிறுத்தங்களும் இணைப்புச் சொற்களும் எழுதும்போது கைக்குத் தெரிந்துவிடும். புத்தகம் வாங்கப் பணம் இல்லை என்பது ஒரு தடையே இல்லை. நீங்கள் சென்னையிலோ அருகிலோ இருந்தால் உங்களுக்கு நூலகங்களுக்குக் குறைவில்லை. 2010இல் திறக்கப்பட்ட கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகங்களைக் கொண்டுபோய்ப் படிப்பதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. வீட்டில் மேசை இல்லாதவர்களுக்கு அது பெரிய உதவி. நான் பெரம்பூரில் மின்சார ரயில் ஏறி, மூர் மார்க்கெட் வளாக நிலையத்தில் இறங்கி, பூங்கா நகரிலிருந்து பறக்கும் ரயிலில் கோட்டூர்புரம் போவேன். அந்த மூர் மார்க்கெட், 1985இல் தீயில் அழிவதற்கு முன்பு பழைய புத்தகக் கடைகளுக்குப் பெயர்போன சந்தையாக இருந்தது. ஒவ்வொரு முறை அங்கே இறங்கும்போதும் அதை நினைத்துக்கொள்கிறேன். எழும்பூரில் 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகத்துக்கு, 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதிகள் வந்துசேர வேண்டும். வேறெங்கும் கிடைக்காத புத்தகத்தை அங்கே கேட்டுப் பாருங்கள். பொங்கலையொட்டி நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சி நம் தேர்வுக் காலத்துக்குச் சற்று முன்பு வருவதால், நான் அங்கே கோடையில் படிப்பதற்கான ஒரு புத்தகத்தை மட்டும் வாங்கி அம்மாவிடம் கொடுத்துவைக்கிறேன்.

தமிழில் தட்டச்சுப் பழகுவதையும் ஓர் இலக்காகச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகை கைப்பேசியிலும் கிடைக்கிறது. உயிரெழுத்துகள் ஒரு பக்கமும் மெய்கள் மறு பக்கமும் இருப்பதால் சீக்கிரம் பிடிபட்டுவிடும். நான் முதல் வரைவைக் கையால் எழுதி, இரண்டாம் வரைவைத் தட்டச்சு செய்கிறேன்.

இனி நீங்கள் கேட்ட புத்தக விஷயத்துக்கு வருகிறேன். சாகித்திய அகாதெமி 2011 முதல் வழங்கிவரும் யுவ புரஸ்கார் விருதுக்கு 35 வயது வரை தகுதி உண்டு. அதாவது, இலக்கிய உலகம் 35 வயதுக்காரரையும் இளம் எழுத்தாளராகத்தான் பார்க்கிறது. நமக்கு இன்னும் காலம் இருக்கிறது. பணம் கட்டினால் யாருடைய கதையையும் அச்சிட்டுத் தரும் இடங்கள் இப்போது நிறைய இருக்கின்றன; புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண் வாங்கித் தருவதைப் பெரிய சலுகைபோல அவர்களில் சிலர் சொல்வார்கள். இந்தியாவில் அந்த எண் இலவசமாகவே வழங்கப்படுகிறது என்பதை உங்கள் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படி வெளியிடுவது குற்றம் என்று சொல்லவில்லை. ஆனால் யாரும் படித்துத் திருத்தம் சொல்லாத கதை அச்சாகிவிட்டால், அதை மறுபடி எழுதும் ஆர்வம் போய்விடும். நம் வயதில் அந்த ஆர்வம்தான் நம்மிடம் இருக்கும் முதலீடு. அதற்குப் பதிலாக, திருத்தி முடித்த கதையை ஓர் இதழுக்கு அனுப்புவதை இலக்காக வையுங்கள். ஒரு சமயத்தில் ஓர் இதழுக்கு மட்டும் அனுப்புங்கள். அவர்கள் கேட்டிருக்கும் அளவைப் பாருங்கள். பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பிரசுரமாவது ஆசிரியரின் முடிவு. அனுப்புவது உங்கள் கையில் இருப்பதால், அனுப்பிய அன்றே அந்த இலக்கு நிறைவேறிவிட்டதாகக் குறித்துக்கொள்ளலாம்.

ஜெயகாந்தன் பள்ளிப் படிப்பை முடிக்கவில்லையே, மதிப்பெண் எதற்கு என்று எழுத்து ஆர்வம் உள்ள நண்பர்கள் வாதிடுவதைக் கேட்டிருப்பீர்கள். அவர் சிறு வயதிலேயே வேலைக்குப் போய், அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தி, மனிதர்களிடையே உழன்று கற்றார். 2002ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது அவருக்குக் கிடைத்தது அந்த உழைப்புக்காகத்தான். பள்ளியை விட்டதை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்வது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. தமிழில் எழுதி மட்டுமே குடும்பத்தை நடத்தியவர்கள் மிகக் குறைவு. பலர் வேலை பார்த்துக்கொண்டேதான் எழுதினார்கள். எனவே நான் கல்லூரிப் படிப்பையும் என் எழுத்துத் திட்டத்தின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

வீட்டில் இதையெல்லாம் சொல்லலாமா என்ற தயக்கம் உங்கள் கேள்வியில் தெரிகிறது. சொல்லிவிடுங்கள். நான் ஆண்டுத் திட்டத்தை ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் காட்டினேன். பொங்கலுக்குப் பிறகு கதை நோட்டு அம்மாவின் பீரோவுக்குப் போய்விடும் என்று அதில் எழுதியிருந்ததைப் படித்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் எழுத உட்கார்ந்தால் அம்மா என்னைக் கடைக்குக்கூட அனுப்புவதில்லை. நம் ஆசை படிப்பைக் கெடுத்துவிடுமோ என்பதுதான் அவர்களுடைய கவலை. எந்த மாதத்தில் எழுதுவோம், எந்த மாதத்தில் நிறுத்துவோம் என்று தெரிந்தால் அந்தக் கவலை பாதி குறைந்துவிடுகிறது.

உங்களுக்கு இது பொதுத்தேர்வு ஆண்டு என்பதால், இப்போதைக்கு அந்த நாலு வரிக் குறிப்புகள் மட்டும் போதும். தேர்வு முடிந்து பிளஸ் ஒன் வகுப்பு தொடங்கும்வரை கிடைக்கும் விடுமுறையில், அந்தக் குறிப்புகளிலிருந்து ஒன்றை எடுத்து ஒரு சிறுகதையின் முதல் வரைவை முடித்துவிடுங்கள். நாவலெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முடித்ததும் வாய்விட்டு ஒரு முறை வாசியுங்கள். நாக்கு தடுக்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். படித்துக் கருத்துச் சொல்ல வேறு யாரும் கிடைக்கவில்லை என்றால் எனக்கு அனுப்புங்கள். அப்போது எனக்கும் தேர்வு முடிந்திருக்கும். முழுவதும் படித்து, எந்த இடத்தில் கதைக்குள் போக முடிந்தது, எந்த இடத்தில் புரியாமல் நின்றேன் என்பதை ஒளிவுமறைவில்லாமல் எழுதி அனுப்புகிறேன்.