அங்கிள், அந்த பாலை எடுத்துப் போடுங்க!

நடுவயது அறிகுறிகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன இதழில் சொன்னாலும் சொன்னேன், கடிதங்கள் குவிந்துவிட்டன. மாமியார் சண்டை, மகனின் காதல், மூலத் தொந்தரவு என்று எதைக் கேட்டாலும் பெயரும் தெருவும் போட்டு எழுதுகிற நம் வாசகர்கள், இதற்கு மட்டும் ‘பெயர் வேண்டாம் டீச்சர்’ என்று அடிக்கோடு இழுத்திருக்கிறார்கள். சரி, ஊரும் வயதும் மட்டும் போடுகிறேன். என்னிடம் ஒளிக்க ஒன்றும் இல்லை. வயது 53, கோவை வடவள்ளி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

கேள்வி: தெருவில் கிரிக்கெட் ஆடும் பையன்கள் என்னைப் பார்த்து ‘அண்ணா, பால்!’ என்றுதான் கத்துவார்கள். போன வாரம் ஒருவன் ‘அங்கிள், பால்!’ என்றான். எனக்கு ஒரு நரைகூட இல்லை. எந்த வயதிலிருந்து இது அதிகாரபூர்வம்?
(ஈரோடு, 38)

பதில்: அதிகாரபூர்வமாகக் கேட்பதால் ரயில்வேயிடமே போவோம். ரயிலில் மூத்தவர்களுக்கென்று ஒரு கீழ் பெர்த் ஒதுக்கீடு இருக்கிறது. ஆணுக்கு அது 60 வயதில் கிடைக்கும். பெண்ணுக்கு? 45. அச்சுப்பிழை இல்லை, 45 தான். உங்களுக்கு இன்னும் 22 வருஷம் அவகாசம் இருக்கிறது தம்பி. என்னைப் போன்றவர்களை 15 வருஷம் முன்னாலேயே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார்கள். சேரன் எக்ஸ்பிரஸில் நான் தனியாகப் போனால் கீழ் பெர்த். என் வீட்டுக்காரர் தனியாகப் போனால் மேல் பெர்த். அவருக்கு என்னைவிட நாலு வயது கூட.

சலுகையைக் குறை சொல்லவில்லை. நடு பெர்த்தில் ஒரு ராத்திரி படுத்து எழுந்தவர் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பெண்ணுக்குச் சீக்கிரம் வயதை ஏற்றிவிடுவது ரயில்வே மட்டுமா? ஒரே கல்யாண வீட்டில், காதோரம் நரைத்த என் வீட்டுக்காரரிடம் ‘கெத்தா இருக்கீங்க சார்’ என்கிறார்கள். நாலு அடி தள்ளி என்னிடம் ‘ஏன் டீச்சர், உடம்பு சரியில்லையா?’ என்கிறார்கள்.

உங்கள் பையன் விஷயத்துக்கு வருவோம். அவன் நரையைத் தேடவில்லை. அதற்கு முன்னால் ஒரு நாள் நீங்கள் பாலை எடுத்துக்கொடுத்துவிட்டு, ‘கார் நிக்குது, பார்த்து ஆடுங்கப்பா’ என்று சொல்லியிருப்பீர்கள். சொன்னீர்களா, இல்லையா?

கேள்வி: மாத்திரை அட்டையில் எக்ஸ்பயரி தேதி தெரியவில்லை. கையை நீட்டி நீட்டிப் பார்க்கிறேன், கை போதவில்லை. மகள் சிரிக்கிறாள்.
(திருப்பூர், 44)

பதில்: வெள்ளெழுத்து வந்துவிட்டது கண்ணு. பக்கத்தில் இருப்பதைப் பார்க்க, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் கொஞ்சம் உப்பிக் கொடுக்க வேண்டும். வயது ஏற ஏற அது விறைத்துப்போய் முரண்டு பிடிக்கும். நாற்பதை ஒட்டி எல்லாருக்கும் வருவதுதான். சிரிக்கிற மகளுக்கும் வரும், அன்றைக்கு நீங்கள் சிரித்துக்கொள்ளலாம்.

பிளாட்பாரத்தில் ரெடிமேட் கண்ணாடி வாங்குவதற்கு முன்னால் ஒரு தடவை கண் டாக்டரைப் பாருங்கள். இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர்தான் இருக்கும் என்று கட்டாயமில்லை. அப்படியே கண் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். கிளாக்கோமா பெரும்பாலும் வலி காட்டாமலே பார்வையைப் பறிக்கிற வியாதி, நாற்பதுக்கு மேல் அசட்டையாக இருக்கக் கூடாது.

செல்போனில் எழுத்தைப் பெரிதாக்குவதை மட்டும் யோசித்துச் செய்யுங்கள். மருதமலை போகிற 70-ஆம் நம்பர் பஸ்ஸில், என் நாத்தனார் அனுப்பிய மெசேஜ் முழுவதையும் பின்சீட்டு அம்மா படித்துவிட்டு, ‘விட்டுக்கொடுத்துப் போயிருங்க’ என்று என் தோளைத் தட்டினார்.

கேள்வி: அப்பா வீட்டுக்குள் நடந்துகொண்டே ஸ்விட்சுகளை அணைக்கிறார். நான் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் என் ரூம் ஃபேன் நின்றிருக்கும். ஏசி ரிமோட் அவர் தலையணைக்கு அடியில். அடிக்கடி டார்ச்சோடு போய் மீட்டரை போட்டோ வேறு எடுக்கிறார். இதற்கு வைத்தியம் உண்டா?
(சேலம், 19, கல்லூரி மாணவி)

பதில்: உன் அப்பாவுக்குக் கணக்குத் தெரியும் சாமி, அதுதான் சிக்கல். நம் மாநிலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கரன்ட் பில். 2022-ல் மாற்றியமைத்த கட்டணத்தையே எடுத்துக்கொள். முதல் 100 யூனிட் இலவசம். 500-க்குள் நிறுத்திக்கொண்டால் 101-லிருந்து 200 வரை ஒரு மலிவு விலை. 500-ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் போச்சு, அந்த மலிவு விலை அப்படியே இரட்டிப்பாகிவிடும். அந்த ஒற்றை யூனிட்டுக்காக 200 ரூபாய்க்கு மேல் பில் ஏறும். ரீடிங் எடுப்பவர் நாலு நாள் தாமதமாக வந்தால் 490 என்பது 510 ஆகிவிடலாம். டார்ச்சும் போட்டோவும் அதற்குத்தான். தெருவில் இன்னும் நாலு அப்பாக்கள் அதே வேலையில் இருப்பார்கள், எட்டிப் பார்.

ஏசி விஷயத்தில் சட்டமும் பாதி அவர் பக்கம். 2020 ஜனவரியிலிருந்து, நட்சத்திரக் குறியீடு போட்ட ரூம் ஏசி ஆன் செய்ததும் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. உன் அப்பா 27-ல் வைத்து ஃபேனையும் சேர்த்துச் சுழலவிடுகிறார் என்றால் அது அவருடைய சொந்தப் படைப்பு.

இப்போது உன் பக்கத்துக் கணக்கு. பழைய சீலிங் ஃபேன் 75 வாட்ஸ் என்று வை. நீ தண்ணீர் குடிக்கப் போன 5 நிமிஷத்தில் அது எடுக்கும் மின்சாரம் ஒரு யூனிட்டில் 160-ல் ஒரு பங்கு. அதாவது, ஒரே ஒரு யூனிட்டை மிச்சப்படுத்த நீ 160 தடவை தண்ணீர் குடிக்கப் போக வேண்டும். இதை ஒரு தாளில் எழுதி அவரிடம் காட்டு. ஒத்துக்கொள்ள மாட்டார். ஆளில்லாத ரூமில் ஃபேன் ஓடினால் அவருக்குத் தூக்கம் வராது. எங்கள் வீட்டில் அந்த ஆள் நான்தான், அதனால் சொல்கிறேன். வைத்தியம் வேண்டுமென்றால், 35 வாட்ஸுக்குள் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் ஒன்றை அவர் பிறந்த நாளுக்கு வாங்கிக் கொடு. ஸ்விட்சை அணைப்பது நிற்காது. ஆனால் வருகிற விருந்தாளிகளை எல்லாம் கூட்டிவந்து மேலே காட்டி விளக்குவதில் பாதி நேரம் போய்விடும்.

கேள்வி: யாராவது கார் ரிவர்ஸ் எடுத்தால் என் கால் தானாகப் பின்னால் போய் நின்றுகொள்கிறது. ‘வரலாம் வரலாம், ரைட்ல ஒடிங்க’ என்று கை ஆட்டுகிறேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது.
(திருச்சி, 50)

பதில்: தெரிந்தவர்கள் யாரும் இறங்கி வந்து சொல்வதில்லையே. ஜேசிபி பள்ளம் தோண்டும் இடத்தில் பின்னால் கை கட்டி நிற்பதும் தொடங்கிவிட்டதா?

கேள்வி: உட்காரும்போது ‘ஸ்ஸ்ஸ்’, எழும்போது ‘அப்பாடா’. நான் வேண்டுமென்று செய்வதில்லை, தானாக வருகிறது. முட்டியும் டொக் என்கிறது.
(நாகர்கோவில், 47)

பதில்: வெறும் டொக் என்றால் பயம் வேண்டாம். மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக் குமிழி உண்டாவதால் பெரும்பாலும் அந்தச் சத்தம் வரும். கூடவே வலியோ வீக்கமோ இருந்தால், அல்லது முட்டி மடக்க முடியாமல் பிடித்துக்கொண்டால், டாக்டரிடம் போய்விடுங்கள். வாய்ச் சத்தத்துக்கு மருந்து கிடையாது. எங்கள் வீட்டில் சோபாவில் உட்கார ‘அம்மாடி’, எழ ‘முருகா’. மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் மருதமலை தெரியும் என்பதால் இரண்டாவதுக்குக் கொஞ்சம் பலன் இருக்கிறது என்பது வீட்டுக்காரர் கட்சி.

கேள்வி: வெள்ளிக்கிழமை ஃபிரெண்ட்ஸ் ‘இன்னிக்கு பிளான் கேன்சல்’ என்று மெசேஜ் போட்டால் மனசுக்குள் அவ்வளவு சந்தோஷம். 29 வயதிலேயே ஆன்ட்டி ஆகிவிட்டேனா?
(சென்னை)

பதில்: இல்லை கண்ணு, அது வேளச்சேரி டிராஃபிக்.

கேள்வி: குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் காலையில் தாமரைப் படத்தோடு வணக்கம் போடுகிறேன், கூடவே ஒரு மருத்துவக் குறிப்பும். என் அண்ணன் மகன் குரூப்பை விட்டே போய்விட்டான். பெரியவர்களுக்கு இதுதான் மரியாதையா?
(கும்பகோணம், 56)

பதில்: அண்ணா, உங்களையும் என்னையும் போன்றவர்கள் போட்ட போட்டில் அந்தக் கம்பெனியே விதியை மாற்றவேண்டி வந்தது. 2018-ல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 பேருக்கோ குரூப்புக்கோ மேல் ஃபார்வர்டு பண்ண முடியாது என்று கட்டிப்போட்டார்கள். 2020-ல், ஏற்கெனவே பல கை மாறி வந்த செய்தியென்றால் ஒரு தடவைக்கு ஒருவருக்குத்தான் என்று குறைத்தார்கள். இருந்தும் சளைக்காமல் ஒவ்வொரு குரூப்பாகத் தொட்டுத் தொட்டு அனுப்புகிற சித்தப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன்.

தாமரையை நிறுத்தாதீர்கள். துபாயிலிருக்கும் பிள்ளை அதைத் திறந்து பார்க்காவிட்டாலும், வந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்வான். வராத நாளில்தான் போன் அடிப்பான். மருத்துவக் குறிப்பை மட்டும் விட்டுவிடுங்கள். வெண்டைக்காயை ஊறவைத்த தண்ணீரைக் குடித்துவிட்டு யாராவது சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டால், அந்தப் பாவம் தாமரையில் கழுவினாலும் போகாது.

கேள்வி: ஐஸ்கிரீம் டப்பா, ஸ்வீட் டப்பா, கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை, எதையும் தூக்கிப்போட மனசு வரவில்லை. கட்டிலுக்கு அடியில் இடமில்லை. மருமகள் முறைக்கிறாள்.
(மதுரை, 58)

பதில்: 2019-ல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தபோதும், 2021-ல் அரசே ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று தொடங்கியபோதும், தயார் நிலையில் இருந்தது யார்? நீங்களும் நானும். பைகளை விடாதீர்கள். டப்பாவில் மூடி இல்லாதது, மூடி இருந்தும் சேராதது, இரண்டையும் மருமகள் கண்ணெதிரிலேயே தூக்கிப்போடுங்கள். ஒரு மாதத்துக்கு முறைக்க மாட்டாள்.

கேள்வி: சேலை கட்டிக்கொண்டு, காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ மாட்டிக்கொண்டு ரேஸ்கோர்ஸில் நடக்கிறேன். காலேஜ் பிள்ளைகள் பார்க்கிற பார்வையில் கூச்சமாக இருக்கிறது. ஜிம்மில் சேர்ந்துவிடலாமா?
(கோவை, 49)

பதில்: கூச்சப்பட வேண்டியது ஷூவுக்கு இல்லை. அந்த ஒரு சுற்று இரண்டரை கிலோமீட்டர். நடந்து முடித்ததும் அருகம்புல் சாறு, அதன் மேல் ஒரு சூப், அதன் மேல் போண்டா என்று நிற்கிற கூட்டம் இருக்கிறதே, அவர்களே கூச்சப்படாதபோது உங்களுக்கு என்ன? வாரத்துக்கு 150 நிமிஷமாவது மூச்சு வாங்குகிற அளவுக்கு நடக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு. ‘உங்க மருமக நல்லாருக்காளா’ என்று நின்று பேசுகிற நிமிஷங்களை அதில் கழித்துவிடுங்கள், கழித்தால் பல பேருக்கு மிஞ்சாது. இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கவும் அதே நிறுவனம் சொல்கிறது, ஜிம்முக்குத் தாராளமாகப் போங்கள். நாற்பதுக்கு மேல் நமக்குத் தசை தானாகக் கரைகிறது. அரிசி மூட்டை தூக்க இன்னொரு ஆளைக் கூப்பிட ஆரம்பித்திருப்பீர்களே, அது அதனால்தான்.

கேள்வி: உங்களை அக்கா என்று கூப்பிடுவதா, ஆன்ட்டி என்று கூப்பிடுவதா?
(பொள்ளாச்சி, 23)

பதில்: முதலில் உங்கள் அம்மாவுக்கு என்ன வயது என்று சொல்லுங்கள் தம்பி. அப்படியே அப்பா என்ன வேலை, பொள்ளாச்சியில் எந்தத் தெரு, உங்களுக்குப் பெண் பார்க்கிறார்களா, அதையும்.