அதே சொல், அடுத்த அடியிலும்
வாசகர் கேள்வி – பதில்

பட்டிமன்றப் பேச்சாளர், உசிலம்பட்டி: பழைய அரபுக் கவிஞர்கள் ஒரே சொல்லை அடுக்கியே சபையைத் தம் பக்கம் திருப்புவார்களாமே? நான் அடுக்கினால் கைதட்டல் இரண்டாம் முறையோடு நின்றுவிடுகிறதே, ஏன்?

நீங்கள் சொல்லோடு கருத்தையும் சேர்த்துத் திருப்புகிறீர்கள் என்று தோன்றுகிறது. 7ஆம் நூற்றாண்டின் அரபுப் பெண் கவிஞர் அல்-கன்ஸா, போர்க்காயத்தால் இறந்த தம் சகோதரர் ஸக்ர் மீது பாடிய கையறுநிலைப் (இரங்கல்) பாட்டைப் பாருங்கள். அரபு அடி இரண்டு பாதிகள் கொண்டது. ‘வ இன்ன ஸக்ரன்’ (ஸக்ர்தான், சத்தியமாக) என்ற தொடக்கம் மூன்று அடிகளில் ஐந்து முறை வருகிறது. ஸக்ர்தான் எங்கள் காவலன், தலைவன். குளிர்காலத்தில் விருந்துக்கு ஒட்டகம் அறுப்பவன் ஸக்ர்தான். படை கிளம்பினால் முன்னே பாய்பவன் ஸக்ர்தான். பசித்தவர்களுக்கு ஒட்டகம் வெட்டுபவன் ஸக்ர்தான். வழிகாட்டிகளே பின்பற்றும் ஆள் ஸக்ர்தான். ஆறாவது பாதியிலும் பெயரை எதிர்பார்த்துக் காது காத்திருக்கும், பெயர் வராது. ‘உச்சியில் தீ எரியும் மலையைப் போல’ என்று முடித்துவிடுகிறார்.

பெயர் அசையவில்லை, அதன்மேல் ஏறும் சான்று மட்டும் ஒவ்வொரு முறையும் புதிது. குளிர்கால விருந்தும் பசித்தவர்க்கு உணவும் கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று குறை சொல்லலாம். நடுவில் படையை வைத்ததால் அது உறுத்தவில்லை.

இதற்கு அரபு நாடு வரை போக வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டம், ஊர்சூழ் வரி: ‘பெண்டிரும் உண்டுகொல்’, ‘சான்றோரும் உண்டுகொல்’, ‘தெய்வமும் உண்டுகொல்’ என்று நம் மதுரைத் தெருவில் நின்று கண்ணகி கேட்கிறாள். ‘உண்டுகொல்’ அப்படியே நிற்க, குற்றச்சாட்டு பெண்டிரிலிருந்து தெய்வம் வரை ஏறுகிறது. ‘வைவாளில் தப்பிய மன்னவன் கூடலில்’ என்று அரசனையும் ஊரையும் மூன்றாம் முறையில்தான் இழுக்கிறாள். முதலிலேயே அரசனைச் சொல்லியிருந்தால் மற்ற இரண்டும் சப்பென்று போயிருக்கும். மேடையில் உங்கள் பலமான சான்றையும் கடைசிக்கு வையுங்கள்.

தமிழாசிரியர், மேலூர்: எத்தனை முறை வரை திருப்பலாம்? அதற்கு இலக்கணம் உண்டா?

எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது. குலைப் என்ற தலைவனின் கொலையால் மூண்ட பழைய அரபுக் குலப் போரான பஸூஸ் போரில் ஒதுங்கியிருந்தவர் ஹாரிஸ் இப்னு உபாத் என்ற கவிஞர். அவர் மகன் புஜைரைக் கொன்ற முஹல்ஹில், ‘இது என் அண்ணன் குலைபின் செருப்பு வாருக்குத்தான் ஈடு’ என்றாராம். அதன் பிறகு ஹாரிஸ் பாடிய பாட்டில், ‘என் குதிரை நஆமாவை என் பக்கத்தில் கொண்டுவந்து கட்டுங்கள்’ என்ற பாதி அடி திரும்பத் திரும்ப வருகிறது. யாருக்கும் சலிப்பதில்லை; ஒவ்வொரு முறையும் போருக்கு இன்னொரு காரணம் பின்னால் வருகிறது.

வரம்பு வேறு இடத்தில் இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் கைரவானில் (இன்றைய துனீசியா) வாழ்ந்த இப்னு ரஷீக், ‘அல்-உம்தா’ என்ற கவிதையியல் நூலில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறார். சொல் மட்டும் திரும்பலாம். கருத்து மட்டும் திரும்புவது குறைவு. இரண்டும் சேர்ந்து திரும்பினால் அது தோல்வியேதான் என்கிறார். பெயரைத் திருப்ப ஏக்கம், புகழ்ச்சி, கண்டனம், மிரட்டல் போன்ற காரணம் வேண்டும். இரங்கலுக்கே அது மிகவும் பொருந்தும் என்பது அவர் தீர்ப்பு. உசிலம்பட்டிப் பக்கம் ஒப்பாரி கேட்டவர்கள் மறுக்க மாட்டார்கள்.

இடமும் முக்கியம். அடியின் தொடக்கத்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பலாம். அடியின் இறுதியில், இயைபு விழும் இடத்தில், அதே சொல் அதே பொருளில் ஏழு அடிக்குள் மறுபடி வந்தால் அது ‘ஈதா’ என்னும் குற்றம். பொருள் வேறானால் குற்றமில்லை.

கல்லூரி மாணவி, திருமங்கலம்: இதுவும் நம் மடக்கணியும் ஒன்றா?

இல்லை. மடக்கில் ஒலி ஒன்று, பொருள் வேறு. அதற்கு நெருக்கமானது அரபின் ‘தஜ்னீஸ்’. 9ஆம் நூற்றாண்டில் இப்னுல் முஃதஸ் ‘கிதாபுல் பதீஃ’ நூலில் சொன்ன ஐந்து அணிகளில் அதுவும் ஒன்று. முன்னால் வந்த சொல்லே அடியின் முடிவில் திரும்புவதை அவர் தனி அணியாக வைத்தார். கன்ஸாவின் அடிகளுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது, ஒரே சொல் ஒரே பொருளில் திரும்ப வரும் சொற்பொருள் பின்வருநிலையணி. ‘செல்வத்துள் செல்வஞ் செவிச்செல்வம்’ குறளில் ‘செல்வம்’ ஐந்து முறை வருகிறதே, அந்த அணிதான். தேர்வில் இரண்டையும் ஒப்பிடச் சொன்னால், பொருள் மாறுகிறதா என்பதை முதலில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.