நட்டைக் கழற்றியும் காரின் பின் சக்கர ஹப் வரவில்லையா?

சென்டர் நட்டு கழன்றாயிற்று, ஹப்போடு (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) ஒன்றாக இருக்கும் பிரேக் டிரம் கையால் சுற்றுகிறது, அரை அங்குலம் வந்து நின்றுவிடுகிறது என்கிறீர்கள். அப்படியானால் மாட்டியிருப்பது ஹப் இல்லை, உள்ளே இருக்கும் பிரேக் ஷூ, அதாவது டிரம்மின் உட்புறத்தில் அழுத்திச் சக்கரத்தை நிறுத்தும் கட்டை. சுத்தியலைக் கீழே வையுங்கள்.

ஷூ உரசி உரசி டிரம்மின் உட்புறம் பள்ளம் விழுந்திருக்கும். ஓரம் மட்டும் தேயாமல் வரப்பு மாதிரி நிற்கும். இழுக்கும்போது ஷூ அதில் தட்டுகிறது.

ஹேண்ட்பிரேக்கை முழுசாக இறக்கி, லீவர் பக்கம் உள்ள கேபிள் நட்டையும் தளர்த்துங்கள். அப்புறம் ஷூக்களைத் தாங்கும் பின்தகட்டில் ரப்பர் மூடி இருந்தால் எடுத்துவிட்டு, அந்த ஓட்டை வழியாக ஸ்க்ரூடிரைவரால் ஷூவை விரித்து வைக்கும் அட்ஜஸ்டரைப் பின்னுக்குத் தள்ளுங்கள். டிரம்மைச் சுற்றிப் பாருங்கள்: உரசல் சத்தம் நின்றுவிட்டால் ஷூ உள்வாங்கிவிட்டது. இரண்டு கையாலும் லேசாக ஆட்டி ஆட்டி இழுத்தால் வந்துவிடும்.

துளிகூட வெளிப்பக்கம் அசையாவிட்டால் கதை வேறு. பேரிங்கின் உள்வளையம் ஸ்பிண்டிலில் (ஹப் சுற்றும் அச்சு) துருப்பிடித்து ஒட்டியிருக்கும். மும்பை மழையில் செம்பூர் பக்கம் தெருவில் நிற்கும் வண்டிக்கு இது சகஜம். துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊறவிட்டு, வீல் போல்ட்டில் மாட்டும் ஸ்லைடு ஹாமரால் (கம்பியில் சறுக்கும் எடையை அடித்து இழுக்கும் கருவி) இழுக்க வேண்டும். டிரம் விளிம்பில் அடிக்காதீர்கள், வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும். ஸ்லைடு ஹாமர் போட்டால் பேரிங்கும் சேதமாகலாம், புதிதாக ஒன்று கையில் இருக்கட்டும். நசுக்கிப் பூட்டும் வகை நட்டு என்றால் அதையும் மாற்றுங்கள்.

ஹேண்ட்பிரேக் இல்லாமல் வேலை செய்கிறீர்கள். முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள், வெறும் ஜாக்கை நம்பாமல் ஸ்டாண்டும் வையுங்கள். உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதவே கூடாது.